இரண்டு பகலில் தூத்துக்குடி: சொந்தங்களையும் சேக்காளிகளையும் பார்த்துவர ஒரு முழு வழிகாட்டி

தூத்துக்குடியில் வளர்ந்து, வேலைக்காகச் சென்னைக்கோ பெங்களூருக்கோ போனவர்களுக்கு ஊருக்கு வரக் கிடைப்பது பெரும்பாலும் ஒரு சனியும் ஒரு ஞாயிறும்தான். வெள்ளி இரவு ரயில் ஏறி, திங்கள் காலை திரும்பிப் போய் வேலையில் நிற்க வேண்டும். நடுவில் உள்ள இரண்டு பகலில் ஆச்சியைப் பார்க்கணும், சித்தி வீட்டில் சாப்பிடணும், கூடப் படித்த சேக்காளிகளோடு கடற்கரையில் உட்காரணும். திட்டமில்லாமல் வந்தால் எல்லா வீட்டு வாசலையும் மிதித்துவிட்டு யாரிடமும் பேசாமல் திரும்புவோம். அதனால் பார்க்க வேண்டிய இடங்களை விட்டுவிட்டு, பார்க்க வேண்டிய ஆட்களை வைத்துத் திட்டம் போடுங்கள். அதை எப்படிச் செய்வது என்று படிப்படியாகச் சொல்கிறேன். வேறு கடற்கரை ஊர்க்காரர்களுக்கும் இதில் பாதிக்கு மேல் பொருந்தும்.

படி 1: பெயர்களை எழுதுங்கள்

டிக்கெட் போடும் முன்பே ஒரு தாளில் பெயர்களை எழுதிவிடுங்கள். வயதானவர்கள், உடம்பு முடியாதவர்கள், போன தடவைக்குப் பிறகு துக்கம் நடந்த வீட்டார் முதலில். இவர்களை வீடு தேடிப் போய்த்தான் பார்க்க வேண்டும். அடுத்து, உட்கார்ந்து பேச வேண்டும் என்று உங்களுக்கே ஆசை உள்ளவர்கள். கடைசியில், பார்த்தால் சந்தோஷம், பார்க்காவிட்டாலும் கோபித்துக்கொள்ளாதவர்கள்.

ஒரு பகலுக்கு மூன்று வீடுதான். அதற்கு மேல் வைக்காதீர்கள். எந்த வீட்டிலும் காபி இல்லாமல் விடமாட்டார்கள், காபி வர இருபது நிமிஷம், அதைக் குடித்த பிறகுதான் உண்மையான பேச்சே ஆரம்பிக்கும். “வந்தவுடனே கெளம்பினா எப்படிலே?” என்று பெரியப்பா கேட்கும்போது அடுத்த வீட்டுக்கு நேரமாகிறது என்று எழுந்தால், வராமலே இருந்திருக்கலாம் என்று அவருக்குத் தோன்றும்.

மிச்சமுள்ள சொந்தங்களை ஒரே வீட்டில் சேர்ப்பதுதான் வழி. சித்தி வீடோ பெரியம்மா வீடோ, மொட்டை மாடியும் பெரிய அடுக்களையும் உள்ள ஒரு வீட்டில் ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு என்று வைத்துக்கொள்ளுங்கள். செலவு உங்களுடையது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். பணமாகக் கொடுத்தால் வாங்கமாட்டார்கள், ஆகவே மீனையும் அரிசியையும் நீங்களே வாங்கிக்கொண்டு போய் இறக்குங்கள்.

இந்தத் தடவை பார்க்க முடியாதவர்களுக்குப் புறப்படும் முன்பே போன் செய்யுங்கள். சின்ன ஊர். நீங்கள் வந்தது மாலைக்குள் எல்லோருக்கும் தெரிந்துவிடும். வேறொருவர் சொல்லித் தெரிந்தால்தான் வருத்தம் வரும். “மாமா, இந்த வாரம் வர்றேன், ஆனா ரெண்டு நாள்தான், அடுத்த தடவை உங்க வீட்டுக்குத்தான் முதல்ல” என்று நீங்களே சொல்லிவிட்டால் அவரே மற்றவர்களிடம் உங்களுக்காகப் பேசுவார்.

வீடுகளைத் திசை வாரியாகவும் பிரித்துக்கொள்ளுங்கள். மில்லர்புரம் பக்கம் ஒரு வேளை, போல்டன்புரம், திரேஸ்புரம் பக்கம் ஒரு வேளை. முத்தையாபுரம், ஸ்பிக் நகர் எல்லாம் திருச்செந்தூர் சாலையில் இருப்பதால், அந்தப் பக்கம் போகும் வேலை இருந்தால் அதோடு சேர்த்துவிடலாம்.

படி 2: மாதத்தைத் தேர்ந்தெடுங்கள்

ஆட்கள் எல்லோரும் ஊரில் இருக்க வேண்டுமென்றால் பனிமய மாதா திருவிழாதான் நேரம். ஜூலை 26 அன்று கொடியேற்றம், ஆகஸ்ட் 5 அன்று பெருவிழா. எந்த மதத்து வீடானாலும் அந்தப் பத்து நாளும் ஊர் நிறைந்திருக்கும். வெளிநாட்டில் உள்ளவர்கள்கூட விடுமுறையை அதற்கு ஏற்றபடி வைத்துக்கொள்வார்கள். ஆனால் ரயிலில் இடம் கிடைக்காது, லாட்ஜில் அறை கிடைக்காது, யார் வீட்டிலும் அமைதியாகப் பேச முடியாது. கூட்டமாகப் பார்க்க அந்த நாட்கள், நிதானமாகப் பேச வேறு மாதம்.

மீன் சாப்பிடும் ஆசையோடு வருகிறவர்கள் இன்னொரு கணக்கும் பார்க்க வேண்டும். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும். நாட்டுப்படகுகள் போகும் என்பதால் மீன் வரத்து அடியோடு நிற்காது, ஆனால் விலை ஏறிவிடும், பெரிய மீன் குறைந்துவிடும். அந்த மாதங்களில் அதற்குப் பதிலாகப் பதநீரும் நுங்கும் உண்டு.

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை கச்சான் காற்று, அதாவது தென்மேற்குக் காற்று. மணலை வாரி முகத்தில் அடிக்கும், ஆனால் புழுக்கம் குறையும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், குறிப்பாக நவம்பர், டிசம்பரில், வானிலை அறிவிப்பைப் பார்த்துவிட்டே கிளம்புங்கள். மழை குறைந்த ஊர் என்பதால்தான் இங்கே இத்தனை உப்பளம். அப்படிப்பட்ட இடத்தில் 2023 டிசம்பரில் பெய்த மழையில் நகரத் தெருக்களில் நாள்கணக்காகத் தண்ணீர் நின்றது. பக்கத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. அந்த வெள்ளத்தில் நனைந்த கல்யாண ஆல்பங்களை இன்னும் வெயிலில் காயவைத்துப் பார்க்கும் வீடுகள் உண்டு.

என்னைக் கேட்டால் ஜனவரி கடைசியும் பிப்ரவரியும். காலையில் இதமாக இருக்கும், உப்பு வேலை தொடங்கியிருக்கும், மீனுக்கும் குறைவிருக்காது.

படி 3: டிக்கெட்

சென்னையிலிருந்து முத்துநகர் எக்ஸ்பிரஸ் மாலையில் கிளம்பி விடிகாலையில் கொண்டுபோய்ச் சேர்க்கும். இரவுத் தூக்கத்தில் பயணம் முடிந்துவிடும், ஒரு பகல்கூட வீணாகாது. ரயில் முன்பதிவு இப்போது 60 நாட்களுக்கு முன்புதான் திறக்கும். போக, வர இரண்டையும் தனித்தனி நாளில் போட வேண்டியிருக்கும். திரும்பும் ஞாயிறு இரவு டிக்கெட்தான் முதலில் தீர்ந்துபோகும், அதைத் தவறவிடாதீர்கள். தத்கால் என்றால் முந்தின நாள் காலை பத்து மணிக்கு ஏசி, பதினொரு மணிக்கு ஸ்லீப்பர்.

பேருந்து என்றால் சென்னைக் கிளாம்பாக்கத்தில் ஏற வேண்டும். விமானம் வாகைக்குளத்தில் இறங்கும். 2025 ஜூலையில் புது முனையம் திறந்த பிறகு அங்கே வசதி கூடியிருக்கிறது. வயதானவர்களை அழைத்து வருகிறவர்கள் அதை யோசிக்கலாம்.

படி 4: எங்கே தங்குவது

இது கொஞ்சம் நுணுக்கமான விஷயம். அம்மா அப்பா ஊரில் இருந்தால் கேள்வியே இல்லை. அவர்கள் இல்லாமல் அண்ணன் வீடு, அக்கா வீடு என்று இருந்தால், ஒரு வீட்டில் தங்குவது இன்னொரு வீட்டுக்கு வருத்தமாகும். இரவு ஒரு வீட்டில், காலைச் சாப்பாடு இன்னொரு வீட்டில் என்று பிரித்துக்கொண்டால் இரண்டு பேருக்கும் நிறைவு.

மதினிக்கு வேலை கூடும் என்று நினைத்து லாட்ஜில் அறை போட்டால், அதைக் கிளம்பும் முன்பே சொல்லிவிடுங்கள், காரணத்தோடு. “பிள்ளைகள் இரவில் அழும், உங்க தூக்கம் கெடும் மதினி, காலையில காபிக்கு வந்துடுவோம்” என்று சொன்னால் ஏற்றுக்கொள்வார்கள். வந்த பிறகு தெரிந்தால் அது வருஷக்கணக்கில் பேச்சாகும்.

படி 5: கையில் என்ன கொண்டுபோவது

இனிப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். அறுபது தாண்டிய பலருக்குச் சர்க்கரை, பெட்டியைத் திறந்து பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிடுவார்கள். பழம் எப்போதும் சரி. அதைவிட நல்லது, ஒரு வாரம் முன்பே போன் செய்து “இங்கேருந்து ஏதாவது வேணுமா ஆச்சி?” என்று கேட்பது. முழங்கால் பட்டை, ஊரில் கிடைக்காத ஒரு மருந்து, பெரிய எழுத்து பைபிள், பெரிய எழுத்து கந்த சஷ்டி கவசம் என்று ஏதாவது ஒன்று கட்டாயம் வரும்.

போட்டோக்களைக் காகிதத்தில் அச்சடித்துக்கொண்டு போங்கள். போனில் காட்டினால் விரல் பட்டு நகர்ந்துவிடும், கண்ணும் தெரியாது. கையில் கொடுத்த போட்டோவை அவர்கள் அலமாரியில் வைத்து வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுவார்கள்.

படி 6: சனிக்கிழமை, வீடுகள்

துக்கம் நடந்த வீட்டுக்கு முதலில் போங்கள். காலையில், குளித்துவிட்டு, வேறு எந்த வீட்டுக்கும் போவதற்கு முன். பல வீடுகளில் செவ்வாய், சனி துக்கம் கேட்கமாட்டார்கள். அப்படிப்பட்ட குடும்பமென்றால் ஞாயிறு காலைக்கு மாற்றிக்கொள்ளுங்கள், மூத்தவர் ஒருவரிடம் முன்பே கேட்டுவிட்டால் குழப்பமில்லை. கையில் இனிப்போ பூவோ வேண்டாம். கிளம்பும்போது “போயிட்டு வர்றேன்” என்று சொல்லும் வழக்கமில்லை, கையைப் பிடித்துவிட்டுப் பேசாமல் எழுந்து வந்தால் போதும். என்ன சொல்வது என்று தயங்கி இந்த வீட்டைத் தள்ளிப்போடுகிறவர்கள் நிறைய. எதுவும் சொல்ல வேண்டியதில்லை. போனவரைப் பற்றி உங்களுக்கு நினைவிருக்கும் ஒரு சின்னச் சம்பவத்தைச் சொல்லுங்கள். வீட்டார் கேட்காத சம்பவமாக இருந்தால் அவர்கள் அதைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்வார்கள். தகப்பன் இறந்து எட்டு மாதமான வீட்டில், அவர் சைக்கிள் கடையில் எங்களுக்கு ஓசியில் காற்றடித்துக் கொடுத்ததைச் சொன்னபோது, அவர் மகள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

அடுத்து வயதானவர்கள். பதினோரு மணி நல்ல நேரம். காலை வேலை முடிந்து, மதியத் தூக்கம் வருவதற்குள். உடம்பைப் பற்றி இரண்டு கேள்விக்கு மேல் கேட்காதீர்கள். தினமும் அதைத்தானே பேசுகிறார்கள். பழைய ஊரைப் பற்றிக் கேளுங்கள். இந்த ஊரில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961ஆம் ஆண்டு. எண்பதை நெருங்கும் ஒருவருக்கு அது நேரில் பார்த்த விஷயம். அவர்களுடைய அப்பா காலத்தில், தாத்தா காலத்தில் நடந்தவையும் அவர்களிடம் இருக்கும். 1914இல் பாம்பன் ரயில் பாலம் திறக்கும் வரை, கொழும்புக்குப் போகிறவர்கள் சென்னையிலிருந்து ரயிலில் வந்து இங்கேதான் கப்பல் ஏறினார்கள். அப்புறம் அந்தப் போக்குவரத்து தனுஷ்கோடிக்கு மாறியது. வ.உ.சி. 1906இல் ஆரம்பித்த சுதேசிக் கப்பல் கம்பெனி ஓடியதும் இதே துறையிலிருந்துதான். தோணியில் மாலத்தீவுக்கும் கொழும்புக்கும் சரக்கு ஏற்றிப்போன குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. உங்கள் சொந்தத்தில் அப்படி ஒருவர் இருந்தால் போனில் பேச்சைப் பதிவுசெய்ய அனுமதி கேளுங்கள். பிள்ளைகளையும் பக்கத்தில் உட்காரவையுங்கள்.

மதியம் ஒன்று முதல் நான்கு வரை எங்கேயும் போகாதீர்கள். ஊரே கதவைச் சாத்திப் படுத்திருக்கும். நீங்களும் ரயிலில் வந்த அலுப்பில் இருப்பீர்கள். மூன்றாவது வீட்டை நாலரைக்கு வைத்துக்கொண்டால் ஆறு மணிக்குள் கடற்கரைக்கு வந்துவிடலாம்.

சனிக்கிழமை முடிக்க வேண்டிய இன்னொரு வேலை, மீன். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான மீனவர் குடும்பங்கள் கடலுக்குப் போவதில்லை. ஆகவே ஞாயிறு சமையலுக்குச் சனிக்கிழமையே வாங்கி வைத்துவிட வேண்டும். நாட்டுப்படகு மீன் என்றால் திரேஸ்புரம். சித்தியையோ அம்மாவையோ கூட்டிக்கொண்டு போங்கள். செவுளைத் தூக்கிப் பார்ப்பது, கண்ணைப் பார்ப்பது, விலையைக் கேட்டுவிட்டு நகர்ந்து போவது எல்லாம் அவர்களுக்குக் கைவந்த கலை, அந்த ஒரு மணி நேரப் பேச்சும் உங்களுக்குக் கிடைக்கும். சென்னையில் வஞ்சிரம் என்று வாங்குவதை இங்கே சீலா என்று கேளுங்கள். குழம்புக்கு விளமீனோ பாறையோ, பொரிக்க சீலாவோ ஊளியோ, பிள்ளைகளுக்கு முள்ளில்லாத கணவாய். எனக்கு எந்த நாளும் சாளைதான். விலை குறைந்த மீன் என்று விருந்துக்கு அதை வாங்கமாட்டார்கள், நீங்களே கேட்டு வாங்குங்கள்.

படி 7: சேக்காளிகள்

வாட்ஸ்அப் குழுவில் “இந்த வாரம் ஊருக்கு வர்றேன்” என்று போட்டால் நாற்பது பேர் கை உயர்த்துவார்கள், நாலு பேர் வருவார்கள். அந்த நாலு பேருக்குத் தனித்தனியாகப் போன் செய்து இடத்தையும் மணியையும் நீங்களே சொல்லிவிடுங்கள்: சனி மாலை ஆறு, ரோச் பூங்கா வாசல், அல்லது முத்துநகர் கடற்கரை. ஹோட்டல் வேண்டாம். பில் வரும் நேரத்தில் யார் கொடுப்பது என்று ஒரு சங்கடம் வரும். உப்பளத்தில் மேஸ்திரியாக இருக்கிறவனும் வெளிநாட்டு வங்கியில் இருக்கிறவனும் ஒரே பெஞ்சில் படித்தவர்கள். மணலில் உட்கார்ந்தால்தான் அந்தப் பழைய பேச்சு வரும். சம்பளத்தைக் கேட்காதீர்கள், சொல்லவும் சொல்லாதீர்கள்.

இந்தக் கடல் பேச்சுக்கு ஏற்ற கடல். மன்னார் வளைகுடாவின் தீவுகள் மறித்து நிற்பதால் அலைச்சத்தம் குறைவு, மெதுவாகப் பேசினாலும் கேட்கும். துறைமுகத்து விளக்குகள் எரிய ஆரம்பிக்கும்போது கிளம்பி, பரோட்டாக் கடைக்கு நடங்கள். பொரிச்ச பரோட்டாவைப் பிய்த்துப்போட்டு, மேலே சால்னா ஊற்றி, அது ஊறும் வரை காத்திருந்து சாப்பிட வேண்டும். எட்டு மணிக்கு மேல் கூட்டம் நெருக்கும், ஏழரைக்கே உட்கார்ந்துவிடுங்கள்.

கூடப் படித்த பெண்களைச் சந்திப்பது தனி வேலை, அதற்குத் தனியாகத் திட்டம் வேண்டும். பலர் திருநெல்வேலிக்கோ நாசரேத்துக்கோ கட்டிக்கொடுத்துப் போயிருப்பார்கள். அவர்கள் அம்மா வீட்டுக்கு வரும் வாரத்தோடு உங்கள் வாரம் பொருந்துகிறதா என்று ஒரு மாதம் முன்பே கேட்க வேண்டும். மாலை ஏழு மணிக் கடற்கரை அவர்களில் பலருக்கு ஒத்துவராது. சனி காலை பத்தரைக்கு ஒருத்தி வீட்டில் என்றால் எல்லோராலும் வர முடியும். பிள்ளைகளோடு வரச் சொல்லுங்கள், கணவர்களை வீட்டில் விட்டு வரச் சொல்லுங்கள். எங்கள் செட்டில் இதை ஏற்பாடு செய்கிறவள் ஒருத்தி இருக்கிறாள், அவள் இல்லாவிட்டால் நாங்கள் பாதிப் பேர் ஒருவரை ஒருவர் பார்த்தே இருக்கமாட்டோம். உங்கள் செட்டில் அப்படி யாரும் இல்லையென்றால் அந்த வேலையை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.

பேசாமல் போன நண்பன் ஒருவன் எல்லோருக்கும் இருப்பான். கூட்டத்துக்கு அவனை அழைக்காதீர்கள். ஞாயிறு காலை தனியாக ஒரு டீக்கடைக்குக் கூப்பிடுங்கள். வந்தால் பழையதைக் கிளறாமல் டீ குடியுங்கள்.

படி 8: ஞாயிற்றுக்கிழமை

விடிகாலையில் எழுந்துவிட்டால் கடற்கரைக்கு ஒரு தடவை போய் வாருங்கள், கிழக்கு பார்த்த கடல், சூரியன் தண்ணீரிலிருந்து வரும். உப்பளம் பார்க்க ஆசைப்படும் பிள்ளைகளை அதே நேரத்தில் கூட்டிப்போகலாம். வெயிலுக்கு முன் வேலையை முடிக்க வேண்டும் என்பதால் தொழிலாளர்கள் இருட்டோடு வந்து உப்பு வாருவார்கள். பாத்திக்குள் இறங்காமல், வேலைக்கு இடைஞ்சல் இல்லாமல், சாலையோரம் நின்று பாருங்கள்.

மாதா கோவிலுக்குப் பூசை (திருப்பலி) காணப் போகும் வீடென்றால் நீங்களும் கூடப் போங்கள், நம்பிக்கை எதுவானாலும். பனிமய மாதா கோவில் முற்றத்தில் பூசை முடிந்து ஆட்கள் கலையும் கால் மணி நேரத்தில், தேடிப் போக முடியாத பத்துப் பேரைப் பார்த்துவிடலாம்.

மதியச் சாப்பாட்டுக்கு ஒரே ஒரு பதார்த்தத்தின் பெயரைச் சொல்லிவிடுங்கள். “எதுவும் வேண்டாம்” என்றால் பத்து வகை சமைப்பார்கள். அடுக்களையில் போய் நில்லுங்கள், ஆணாக இருந்தாலும். மீன் கழுவுவது, தேங்காய் துருவுவது, இலை போடுவது என்று ஏதாவது வேலை செய்யுங்கள். குடும்பத்தின் முக்கியமான செய்திகள் அங்கேதான் பேசப்படும்: யாருக்குப் பெண் பார்க்கிறார்கள், எந்தச் சொத்தில் சிக்கல், எந்த மாமா மருத்துவமனைக்குப் போகாமல் மறைக்கிறார். முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தால் இதில் எதுவும் உங்கள் காதுக்கு வராது. சாப்பிட்டு முடித்ததும் எல்லோரையும் நிற்கவைத்து ஒரு போட்டோ, மூத்தவர்கள் நாற்காலியில். இது தள்ளிப்போடக் கூடாத வேலை.

ஒரு பகல் கூடக் கிடைத்தால்

வீட்டை விட்டு வெளியே போகாத ஒரு பெரியவரைக் காரில் ஏற்றிக்கொண்டு திருச்செந்தூர் போங்கள், 40 கிலோமீட்டர்தான். சஷ்டி, கிருத்திகை, ஞாயிறு தவிர்த்த நாளாகப் பாருங்கள். கடலில் கால் நனைக்க வைத்து, கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். கிறிஸ்தவக் குடும்பமென்றால் இன்னும் தெற்கே மணப்பாடு: மணல் குன்றின் மேல் திருச்சிலுவைக் கோவில், அதன் கீழே, 1542இல் இந்தக் கரைக்கு வந்த சவேரியார் தங்கிய குகை. செப்டம்பர் 14 அன்று அங்கே திருவிழா. வழியில் உடன்குடியில் கருப்பட்டி வாங்கிக்கொள்ளலாம்.

படி 9: கிளம்பும்போது

மக்ரூனை ஞாயிறு மாலைதான் வாங்க வேண்டும். முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரை, முந்திரி இவ்வளவுதான் அதில். ஈரக்காற்று பட்டால் நமத்துப்போகும், அழுத்தினால் நொறுங்கும். காற்றுப் புகாத டப்பாவில் போட்டு, பைக்கு மேலே வையுங்கள். சென்னையில் உள்ள ஊர்க்காரர்களுக்குத் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டச் சொல்லுங்கள். பச்சை மீன் கொண்டுபோவதானால் தெர்மோகோல் பெட்டி, நிறைய ஐஸ், மூடியில் டேப். கருவாட்டை மூன்று பை போட்டுச் சுற்றினாலும் ரயில் பெட்டியில் மணம் வரும், பக்கத்து சீட்காரரை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஆச்சி கொடுக்கும் நூறு ரூபாயை வேண்டாம் என்று சொல்லாமல் வாங்கிக்கொள்ளுங்கள். நீங்கள் கொடுக்க நினைக்கும் பணத்தைக் கூடத்தில் எல்லோர் முன்பும் நீட்ட வேண்டாம். உள்ளறையில் கையில் வைத்து மடக்கிவிடுங்கள்.

ஸ்டேஷனுக்கு வழியனுப்ப ஒருவரை மட்டும் வரச் சொல்லுங்கள், முடிந்தால் இரண்டு நாளும் சரியாகப் பேச முடியாமல் போன ஒருவரை. ரயில் கிளம்ப முக்கால் மணி நேரம் முன்பே பிளாட்பாரத்தில் இருந்தால் அவரோடு பேச அந்த நேரம் கிடைக்கும். திங்கள் காலை இறங்கியதும் முதல் போன் தங்கிய வீட்டுக்கு, இரண்டாவது போன் போகாமல் விட்ட மாமாவுக்கு. அடுத்த தடவைக்கான மாதத்தை அந்தப் போனிலேயே அவரிடம் சொல்லி வையுங்கள்.